நேருவுக்குக் கிட்டாத நான்கரை மணி நேரம்

காடாம்புலியூரில் இருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு நிகழ்ந்த ஒரு நாள் என் நினைவுக்கு வருவதுண்டு. அது 1957-ஆம் ஆண்டு மே 20. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் நிறைந்த இந்தச் செம்மண் பூமியில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டும் பணியை அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். அவரைக் காண்பதற்காகச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் இருந்து மக்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சென்றதை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திய அந்த நாளில் நேருவுக்கு வயது 67. நெய்வேலி நிறுவனம் பதிவு செய்யப்பட்டதும் அவரது பிறந்த நாளான நவம்பர் 14-ஆம் தேதியில்தான், ஆண்டு 1956. தமது நிலத்தில் கிடைத்த கருநிறப் பொருளை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்ற ஜம்புலிங்க முதலியார், திட்டத்துக்காக வாதாடிய முதல்வர் காமராஜர், மத்திய அரசின் சார்பில் அதை ஏற்றுக்கொண்ட நேரு ஆகிய மூவரையும் நினைக்காமல் நெய்வேலியின் வரலாற்றை எழுத இயலாது. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்த எளிய குடும்பங்களையும் அவ்வரிசையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நேருவை நான் பெரும்பாலும் திட்டக் குழுவின் தலைவராகவே மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறேன். இன்று அவரை வேறொரு காரணத்துக்காக நினைவுகூர விரும்புகிறேன். அவரது வாழ்வின் இறுதி ஐந்து மாதங்கள், பக்கவாதம் என்ற நோயைப் பற்றி நமக்கு ஓர் அரிய பாடத்தைச் சொல்கின்றன.

1889-இல் அலாகாபாத்தில் செல்வச் செழிப்பு மிக்க வழக்குரைஞர் மோதிலால் நேருவின் மகனாகப் பிறந்தவர் ஜவாஹர்லால். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் இயற்கை அறிவியல். பின்னர் சட்டம் பயின்று 1912-இல் தாயகம் திரும்பினார். 1916-இல் கமலாவை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் இந்திரா பிறந்தார்.

வசதியான அந்த வாழ்க்கையைக் காந்தியடிகளின் அழைப்பு மாற்றியது. 1921 முதல் 1945 வரை ஒன்பது முறை சிறை சென்றார். சிறையில் கழிந்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1931-இல் தந்தையையும், 1936-இல் சுவிட்சர்லாந்தில் சிகிச்சை பெற்றுவந்த மனைவியையும் இழந்தார். 1942-இல் அகமத்நகர் கோட்டைக்குள் அடைக்கப்பட்டவர் 1945-இல்தான் வெளியே வந்தார். உலகம் போற்றும் அவரது வரலாற்று நூல்கள் பலவும் சிறைவாசத்தின் விளைச்சலே.

உடல்நலத்தில் அக்கறை உள்ளவராகவே அவர் அறியப்பட்டார். நாள்தோறும் யோகாசனம் செய்வார். தலைகீழாக நிற்கும் சிரசாசனம் அவருக்கு மிகவும் விருப்பமானது. அதேவேளையில் சிகரெட் பிடிக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. விடுதலைக்குப் பின் பதினேழு ஆண்டுகள் பிரதமர் பொறுப்பையும் வெளியுறவுத் துறையையும் சேர்த்தே சுமந்தார். நள்ளிரவு கடந்தும் கோப்புகளைப் பார்ப்பது அவரது வாடிக்கை. எழுபது வயதைக் கடந்த பின்னரும் அந்த வேகத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை.

1962-ஆம் ஆண்டு அவரை உலுக்கியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் நோய்வாய்ப்பட்டார். நண்பரும் சிறந்த மருத்துவருமான மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராய் ஜூலை முதல் நாள் மறைந்தார். அக்டோபரில் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. போருக்குப் பின் நேருவைக் கண்டவர்கள் அவரது தோள்கள் தளர்ந்திருந்ததையும், நடையில் பழைய துள்ளல் இல்லாததையும் கவனித்தார்கள். 1963 ஆகஸ்டில் அவரது அரசின்மீது மக்களவையில் முதன்முறையாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தீர்மானம் தோற்றது, ஆனால் களைப்பு தீரவில்லை.

மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டம் உருவானதும் அவ்வாண்டில்தான். காமராஜர் தாமே முன்மாதிரியாக 1963 அக்டோபர் 2-ஆம் தேதி முதல்வர் பொறுப்பில் இருந்து விலகினார். அகில இந்திய காங்கிரஸின் தலைவரானார். அவர் தலைமையேற்ற காங்கிரஸ் மாநாடு 1964 ஜனவரியில் ஒடிசா மாநிலத்தின் புவனேஸ்வரத்தில் கூடியது.

ஜனநாயகமும் சமதர்மமும் குறித்த முக்கியத் தீர்மானத்தை நிறைவேற்றிய அந்த மாநாட்டின்போதுதான் நேருவைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. சுற்றிலும் மருத்துவர்களும், தலைவர்களும், ஓர் அரசின் சகல வசதிகளும் இருந்தன. ஆயினும் நோய் தாக்கிய அந்த முதல் சில மணி நேரங்களில் அவருக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது.

இதற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் இல்லை. அன்றைய மருத்துவ அறிவியல் அந்த இடத்தில்தான் நின்றது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுவதாலும் பக்கவாதம் வரலாம். குழாய் வெடித்து ரத்தம் கசிவதாலும் வரலாம். முதல் வகைதான் பெரும்பான்மை. வெளியில் இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மண்டை ஓட்டைத் திறக்காமல் மூளையின் திசுக்களைப் படமெடுத்துப் பார்க்கும் சி.டி. ஸ்கேன் கருவி 1964-இல் இல்லை. அக்கருவியால் முதன்முதலில் ஒரு நோயாளியைப் பரிசோதித்தது லண்டன் அருகே விம்பிள்டனில், 1971 அக்டோபர் முதல் நாளில். ஓய்வு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பின்னர் இயன்முறைப் பயிற்சி. இவையே பாரதப் பிரதமருக்கும் கிடைக்கக்கூடிய சிகிச்சையாக இருந்தன.

உலகின் வல்லமை மிக்கவர்களும் இந்நோயின் முன் ஏழைகளாகவே நின்றிருக்கிறார்கள். 1919-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் முடங்கினார். அவரது உண்மை நிலை மக்களுக்கு மறைக்கப்பட்டது. ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் மாதக்கணக்கில் அபாய எல்லையைத் தாண்டியிருந்தது. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவு அவரது உயிரைப் பறித்தது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் தம் மாளிகை அறையில் வீழ்ந்து கிடந்தபோது, அனுமதியின்றிக் கதவைத் திறக்கக் காவலர்கள் அஞ்சினார்கள். மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். அவரைக் கண்டு அனைவரும் கொண்டிருந்த அச்சமே அவருக்கு உதவி கிடைக்காமல் தடுத்தது.

தமிழகம் தன் கண்ணாலேயே கண்ட நிகழ்வும் உண்டு. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதல்வர் எம்.ஜி.ஆர். அங்கேயே பக்கவாதத்துக்கும் ஆளானார். அமெரிக்காவின் புரூக்ளினில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் பதவியேற்றார். ஆனால் லட்சோப லட்சம் பேரைக் கட்டிப்போட்ட அவரது பேச்சு பழைய தெளிவை மீண்டும் பெறவே இல்லை.

நேருவிடம் மீண்டும் வருவோம். புவனேஸ்வரத்தில் இருந்து தில்லி திரும்பிய அவரால் எல்லாப் பணிகளையும் முன்போல் கவனிக்க முடியவில்லை. காமராஜர் திட்டத்தின்கீழ் பதவி விலகியிருந்த லால் பகதூர் சாஸ்திரி, அம்மாதத்திலேயே துறை இல்லாத அமைச்சராக மீண்டும் அழைக்கப்பட்டுப் பிரதமரின் சுமையைப் பகிர்ந்துகொண்டார். சற்றுத் தேறியதும் நேரு பணிக்குத் திரும்பினார். ஏப்ரலில் ஷேக் அப்துல்லா விடுதலை செய்யப்பட்டார். காஷ்மீர்ச் சிக்கலுக்குத் தம் வாழ்நாளிலேயே ஒரு முடிவு காண வேண்டும் என்ற தவிப்பு நேருவிடம் இருந்தது. அதற்கான பேச்சுக்காக அப்துல்லா மே மாதம் பாகிஸ்தான் சென்றார்.

மே மாத இறுதியில் டேராடூனில் சில நாள்கள் ஓய்வெடுத்த நேரு, 26-ஆம் தேதி தில்லி திரும்பினார். மறுநாள் காலை வயிற்றுப் பகுதியின் பெருந்தமனி வெடித்தது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர் அவர் உயிர் பிரிந்தது. மக்களவையில் அச்செய்தியை அறிவித்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த அமைச்சர் சி. சுப்பிரமணியம். பாகிஸ்தானில் இருந்த அப்துல்லா பேச்சுவார்த்தையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அடுத்த பிரதமரை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் காமராஜர் நிறைவேற்ற, சாஸ்திரி ஜூன் 9-ஆம் தேதி பதவியேற்றார்.

நேருவின் மரணத்துக்குப் பக்கவாதம் நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரது கடைசி ஐந்து மாதங்களைச் சுருக்கியதும், தொடங்கிய பணிகளை முடிக்கும் வலுவைக் குறைத்ததும் அந்நோயே. ஒரு நாட்டின் வரலாறு அந்த மாதங்களில் வேறு வழியில் சென்றிருக்குமா என்பது விடை காண முடியாத கேள்வி.

விடை காணக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. நேருவுக்குக் கிட்டாதது நமக்குக் கிட்டியிருக்கிறது. அதை நாம் பயன்படுத்துகிறோமா?

ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தாக்கிய மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் ஊனம் குறைகிறது என்பதை 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதி செய்தது. மருந்து பெற்றவர்கள் மூன்று மாதங்களுக்குப் பின் ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்துடனோ இருப்பதற்கான வாய்ப்பு, பெறாதவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் அதிகமாக இருந்தது. 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இக்கால வரம்பை நான்கரை மணி நேரமாக நீட்டித்தது. பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையின் பயனை 2015-ஆம் ஆண்டின் ஆய்வுகள் நிலைநாட்டின. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும்கூட இம்முறை உதவும்.

எனினும், வரம்பு நான்கரை மணி நேரம் என்பதால் நான்கு மணி நேரம் காத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. பெரிய குழாய் அடைபட்டால் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். பொருளாதாரத்தில் காலத்துக்கு விலை உண்டு என்று நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னதுண்டு. இத்தனை துல்லியமான விலைப்பட்டியலை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கண்டறிவதற்கு முன்னரே அந்த விலையை என் குடும்பம் கொடுத்துவிட்டது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், முந்திரி பறிப்புக் காலத்தில் ஒருநாள் காலை ஆறு மணியளவில் என் அண்ணனின் இடக்கையில் இருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியது, சொற்கள் குழறின. உறவினர் ஒருவர் பித்த மயக்கம் என்றார். இன்னொருவர் பாரிச வாயு என்று சொல்லி, புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்றார். நான் அதை மறுத்தேன். அதே வாயால், வெயிலில் அலைந்த களைப்பு, சற்றுத் தூங்கட்டும் என்றும் சொன்னேன். முனைவர் பட்டம் பெற்றவனின் சொல் அல்லவா? வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள்.

மருத்துவமனையை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணியைக் கடந்திருந்தது. ஸ்கேன் அறைக்குப் போகும் வழியிலேயே இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நலமாக இருந்தார் என்பது. காலை ஆறு மணிக்கு முன் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். இடக்கை கடைசிவரை எழவில்லை. அவரைக் கவனித்துக்கொள்வதற்காக அண்ணியார் தோட்ட வேலையை விட்டார். ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பு கைமாறியது.

நேரு வீழ்ந்தபோது கோப்புகளைப் பார்க்கச் சாஸ்திரி வந்தார். கட்சியை நடத்தக் காமராஜர் இருந்தார். முந்திரி உடைக்கும் தொழிலாளியோ, சுரங்க ஒப்பந்தத் தொழிலாளியோ வீழ்ந்தால் அவரது இடத்தில் வந்து நிற்பவர் யார்? நோயாளியின் கூலி நிற்கிறது, பராமரிப்பவரின் கூலியும் நிற்கிறது, கடன் வருகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பக்கவாதம் தாக்குவது ஒருவரை. முடங்குவது ஒரு குடும்பம்.

இதைத் தடுப்பதற்கான கட்டமைப்பு தமிழகத்தில் பெருமளவு இருக்கிறது. 108 அவசர ஊர்தி சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாநில அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் இடம்பெற்றுள்ளது. எங்கள் பகுதிக்கு முண்டியம்பாக்கத்திலும் சிதம்பரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

குறை, சங்கிலியின் முதல் கண்ணியில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் நோயை அடையாளம் காண்பதுதான் அந்தக் கண்ணி. இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஓர் எளிய வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள்; நாக்கு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். திடீர் பார்வை இழப்பும், காரணம் தெரியாத கடும் தலைவலியும், நிற்க முடியாத தள்ளாட்டமும்கூட எச்சரிக்கைகளே. சில நிமிடங்களில் அறிகுறி மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய தாக்குதலுக்கு முந்தைய முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கக்கூடும் என்பதால் காபியோ தண்ணீரோ புகட்டக் கூடாது. ரத்தக் கசிவா, அடைப்பா என்று ஸ்கேன் சொல்வதற்கு முன் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. எண்ணெய் தடவுவது, கை வைத்தியம் பார்ப்பது என்று பொழுதைக் கழிக்கக் கூடாது. ஸ்கேன் வசதி இல்லாத இடங்களுக்கு அலைந்து, பின்னர் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதும் நேரத்தைத் தின்றுவிடும்.

அரசு செய்ய வேண்டியவையும் உள்ளன. எந்த மருத்துவமனையில் இரவு பகலாக சி.டி. ஸ்கேனும், கட்டியைக் கரைக்கும் மருந்தும், அதைச் செலுத்தும் மருத்துவரும் இருக்கிறார்கள் என்ற விவரம் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், நியாயவிலைக் கடையிலும் பலகையில் எழுதப்பட வேண்டும். நோயாளி வழியில் இருக்கும்போதே அவசர ஊர்தி மருத்துவமனைக்குத் தகவல் தந்து, ஸ்கேன் அறை தயாராக இருக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு இந்த மூன்று சோதனைகளையும் கற்பிக்க வேண்டும். தாத்தா பாட்டியுடன் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பேரக் குழந்தைகளே. நெய்வேலி போன்ற தொழில் நகரங்களில், நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியின் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். முடங்கிய ஒருவரை ஆண்டுக்கணக்கில் பராமரிக்க ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் இவை சிறிய தொகைகள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நரம்பு, மூளை சார்ந்த நோய் என்றால் பலரும் நம்பிச் செல்லும் இடம் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை. நேரு மறைந்து ஏழு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1964 ஜூலையில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அந்நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். நாள்தோறும் நாம் சுருக்கமாகச் சொல்லும் அப்பெயரின் முதல் சொல் ஜவாஹர்லால் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அங்கே செல்ல எங்கள் ஊரில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கரை மணி நேரத்தில் அதைக் கழித்தால் மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதிலும் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். எஞ்சிய இரண்டு மணி நேரத்தைத் தூங்கட்டும் என்று சொல்லி வீணாக்குவதா, தொலைபேசியை எடுப்பதா என்பதை நம் வீட்டுத் திண்ணையில்தான் தீர்மானிக்கிறோம். நான் ஒருமுறை தவறாகத் தீர்மானித்தேன். இதைப் படிப்பவர்கள் அத்தவற்றைச் செய்யாதிருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).